பாரி யார்?

முகம் பார்க்கக் கண்ணாடி உண்டு. ஒரு ஜனசமூகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அதன் நூல்களும் கலைகளுமே கண்ணாடி.

1880-ம் வருஷம் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், காலேஜ் தமிழ்ப் பண்டிதர் உ. வே. சாமிநாதையரிடம், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று எத்தனையோ கற்றிருந்த ஐயர் அதைப் படித்ததில்லை! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவரின் நிலையே அதுவானால், மற்றத் தமிழர் தம் முன்னோரைப் பற்றி என்ன அறிந்திருக்கக் கூடும்?

ஐயர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராய் ஏடு தேடினார். 1887-ல் சிந்தாமணியையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவற்றின் பயன் பண்டிதர்களோடு நிற்கவில்லை. நாளடைவில் வீட்டுத் தொட்டில் வரையில் வந்துவிட்டது. இளங்கோ, செங்குட்டுவன், பாரி என்றெல்லாம் குழந்தைகளுக்குப் பெயரிடலானார்கள். பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம், "நீ இன்னார் வழி வந்தவன்" என்று தாய் சொல்லாமற் சொல்கிறாள்.

ஆனால் பெயர் மட்டும் வழங்கி, நூல் அலமாரியில் உறங்கினால் என்ன பிரயோஜனம்? இருட்டறையில் மாட்டிய கண்ணாடிதான் அது. பிள்ளைக்குப் பாரி என்று பெயர் வைத்த பெற்றோரே! முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த கதையை இன்றிரவே அவனுக்குச் சொல்லுங்கள்.