டிக்கெட்டும் ஃப்ரீ, குடையும் ஃப்ரீ: வ.உ.சி. கம்பெனி சொல்லும் ஷேர் பாடம்

நல்ல கம்பெனி, நல்ல நோக்கம், கஸ்டமர் கூட்டமும் இருக்கு. அது போதுமா ஷேர் வாங்க? போதாதுங்க. நம்ம சங்கரன்கோவிலிலிருந்து மூணு மணி நேரத்துக்குள்ள போயிடக்கூடிய தூத்துக்குடியில் நடந்ததைப் பாருங்க.

1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர். கொழும்பு ரூட்டில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வெச்சதுதான் கட்டணம். போட்டி வந்ததும் அவங்க டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைச்சாங்க. சுதேசி எட்டணா என்றது. உடனே அவங்க, பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் தர்றோம்னாங்க!

சீன ரூட்டிலும் இதே கதைதான். 1890-களில் பம்பாயிலிருந்து நூல் ஏற்றிப் போன டாடாவின் கப்பல்களை, பி அண்ட் ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தை வெட்டியே ஒதுக்கியது.

பெரிய கம்பெனிக்கு ஒரு ரூட்டில் நஷ்டம் வந்தாலும் மற்ற ரூட்கள் தாங்கும். சுதேசிக்கு அந்த வசதி இல்லை. அரசாங்கமும் எதிராக நின்றது. 1908-ல் வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

அதனால லாபத்தை மட்டும் பார்க்காதீங்க. பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து, கையில் ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு பாருங்க. விலைப்போர் வந்தா இந்தக் கம்பெனி எத்தனை வருஷம் தாங்கும்? பதில் கிடைச்ச பிறகு பணத்தைப் போடுங்க.