உங்களுக்குத் தெரியுமா? வரிசையில் நின்று திரும்பக் கட்டிய பணம்

பெருமந்தக் காலத்தில், 1930 முதல் 1933 வரை, அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் முடங்கின. வைப்புத்தொகையின் பெரும்பகுதியை வங்கிகள் கடனாகக் கொடுத்துவிடுவதால், எல்லா வைப்பாளரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டபோது நல்ல நிலையிலிருந்த வங்கிகளாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. 1933 மார்ச் 6 அன்று நாடெங்கும் வங்கிகளை மூடவைத்த அதிபர் ரூஸ்வெல்ட், 12ஆம் தேதி இரவு வானொலியில், வங்கியில் போட்ட பணம் பெட்டகத்தில் அப்படியே கிடப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கி எளிமையாக விளக்கினார். மறுநாள் முதல் வங்கிகள் படிப்படியாகத் திறந்தபோது மக்கள் பணம் கட்ட வரிசையில் நின்றனர். முன்பு எடுத்துப் பதுக்கிய ரொக்கத்தில் பாதிக்கு மேல் இரண்டே வாரங்களில் திரும்பியது. பேச்சின் வசியம் மட்டுமன்று, நிலை சரியாக இருந்த வங்கிகளையே அரசு திறக்கவிட்டதும் இதற்குக் காரணம். வங்கி முறிந்தாலும் வைப்பாளருக்குக் குறிப்பிட்ட தொகை வரை ஈடு வழங்கும் வைப்புக் காப்பீடு, 2,500 டாலர் வரம்புடன் 1934 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் முறிந்த காப்பீடு பெற்ற வங்கிகள் 9 மட்டுமே.