ஏரி உறைந்தால் ஊர் திறக்கும்

கிறிஸ்துமஸ் முடிந்து வாசலுக்கு வந்துவிட்ட மரங்களுக்கு மேடலின் தீவில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. உறைந்த ஏரியின் மேல் அவற்றை வரிசையாக நட்டுச் சாலைக்கு எல்லை காட்டுகிறார்கள். பனிக்காற்று சுழன்றடித்துக் கண் மறைத்தாலும், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்தைப் பார்த்தபடி காரை மெல்ல ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம். அந்தச் சாலைக்கு அடியில் கிடப்பது சுப்பீரியர் ஏரி. 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த அது, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பேஃபீல்ட் என்ற சிறு துறைமுக ஊருக்கு எதிரே இருக்கிறது மேடலின். அப்போஸ்தலர் தீவுகள் எனப்படும் 22 தீவுகளில் இதுதான் பெரியது. ஆண்டு முழுவதும் மக்கள் குடியிருக்கும் ஊர் இங்கே மட்டும்தான் உண்டு. ஓஜிப்வே பழங்குடியினருக்கு இது புனிதமான பூர்விக மண். வெள்ளை நாரை என்ற ஓஜிப்வே தலைவரின் மகள், மிஷேல் கடாட் என்ற வணிகரை மணந்து மேடலின் எனப் பெயர் பெற்றார். தீவின் இன்றைய பெயர் அவருடையதுதான்.

கோடையில் இங்கே வாழ்வது சுலபம். கார்களை ஏற்றிச் செல்லும் படகு அரை மணி நேரத்துக்குள் அக்கரை சேர்த்துவிடும். விடுமுறை வீட்டுக்காரர்கள் வந்து சேர, சில நூறு பேர் வாழும் லா பாயின்ட் ஊர் ஆயிரக்கணக்கானோரால் நிரம்பிவிடும். தீவின் பிக் பே பகுதியில், கடற்கரை என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு நீண்ட மணல்வெளி, அதற்குப் பின்னால் அசையாத காயல், பைன் காடு. தண்ணீரின் குளிர் மட்டும் ஆகஸ்டிலும் எலும்பைத் தொடும்.

ஆனால் கோடையின் எஜமானர் படகின் நேர அட்டவணை. பேஃபீல்டில் நண்பர் வீட்டு விருந்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பல் மருத்துவர் என்று எதற்குப் போனாலும் கடைசிப் படகின் நேரம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தவறவிட்டால் இரவு அக்கரையில்தான். தீவில் மருத்துவமனை கிடையாது. அவசரம் என்றால் ஊர்க்காரர்களே நடத்தும் ஆம்புலன்ஸ் சேவையும் ஒரு சிறிய விமான ஓடுதளமும்தான் துணை. தொடக்கப் பள்ளி தீவிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிய பிள்ளைகள் ஏரியைக் கடந்துதான் படிக்க வேண்டும்.

தீவு வாழ்க்கையில் குளிர்காலம்தான் கொடுமை என்று நாம் நினைப்போம். உண்மையில் கஷ்டம் அதற்கு முன்னும் பின்னும் வரும் சில வாரங்களில் இருக்கிறது. ஏரி உறைய ஆரம்பிக்கும்போது படகு பனியை உடைத்துக்கொண்டு முடிந்தவரை ஓடும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். படகு போக முடியாத அளவுக்குப் பனி தடித்திருக்கும். கார் போகும் அளவுக்கு உறுதிப்பட்டிருக்காது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு, மளிகை, மருந்து எல்லாவற்றையும் அதற்கு முன்பே சேர்த்துவைத்தவர்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அந்த இடைவெளியை நிரப்புவது காற்றுச்சறுக்கு வண்டி. படகு போன்ற தட்டையான அடிப்பாகம், மூடிய சிறு அறை, பின்புறம் விமானத்துக்கு இருப்பதுபோன்ற பெரிய காற்றாடிகள். அவை காற்றைப் பின்னுக்குத் தள்ள, வண்டி பனிமேல் வழுக்கிச் செல்லும். பனி உடைந்து கீழே தண்ணீர் வந்தாலும் மூழ்காது, மிதக்கும். காது அடைக்கும் இரைச்சலுக்கு நடுவே, தடித்த கோட்டும் மடியில் புத்தகப் பையுமாகப் பிள்ளைகள் இதில் பள்ளிக்குப் போகிறார்கள்.

பனி நன்றாக இறுகியதும் மரங்கள் நடப்பட்டு, சுமார் 3 கிலோமீட்டர் சாலை திறக்கும். இதில் ஓட்டுவதற்குத் தனி ஒழுக்கம் வேண்டும். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஜன்னலை இறக்கிவிட வேண்டும். பனி உடைந்தால் உடனே வெளியேறத்தான் இந்த ஏற்பாடு. வேகம் கூடவே கூடாது. ஓடும் காரின் எடை பனிக்கு அடியில் அலையை எழுப்பும். வேகம் கூடினால் அந்த அலையே பனியைப் பிளந்துவிடும். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவதும் ஆபத்து. வெப்பநிலை மாறும்போது பனித்தளம் இடி போல முழங்கும். புதிதாக வருபவர் நடுங்கிப்போவார். பனி சுருங்கி விரியும் சத்தம் அது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு. பனிச்சாலைக்குக் கட்டணம் இல்லை, நேர அட்டவணையும் இல்லை. நள்ளிரவில் கிளம்பினாலும் வீடு வந்து சேரலாம். பிள்ளைகள் விளையாட்டுப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். பேஃபீல்ட்காரர்கள் சாப்பிட்ட கையோடு தீவுக்கு வந்து, பேசியிருந்துவிட்டுத் திரும்பலாம். வரைபடத்தில் எப்போதும் தனித்து நிற்கும் இந்த ஊர், கரையோடு உண்மையிலேயே சேர்வது அந்தச் சில வாரங்களில்தான். தீவில் வாழ்வதன் பெரிய சந்தோஷமாக எனக்குத் தோன்றுவது இதுதான்: பருவம் மாறினால் ஊருக்குப் போகும் வழியே மாறிவிடுகிறது, அந்த மாற்றத்தை ஊர் முழுக்க ஒன்றாகக் காத்திருந்து வரவேற்கிறது.

அதனால்தான் ஏரியின் வெப்பம் ஏறுவதை இங்கே யாரும் வெறும் புள்ளிவிவரமாகப் பார்க்க முடியாது. பனி தாமதமாக வருகிறது. வந்தாலும் சீக்கிரம் போய்விடுகிறது. படகு நிற்காமல் ஓடுவது வெளியாருக்கு வசதியாகத் தெரியலாம். தீவுக்காரருக்கோ, ஒவ்வொரு பயணத்துக்கும் டிக்கெட், ஒவ்வொரு மாலையும் கடைசிப் படகு. 2023-24 குளிர்காலத்தில் ஏரி போதிய அளவு உறையவில்லை. பனிச்சாலை திறக்கவே இல்லை. குளிர்காலம் முழுக்கப் படகுதான் ஓடியது.