டிராம் டிக்கெட் சொன்ன கணக்கு

மும்பையில் முதல் டிராம் 1874ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி ஓடியது. குதிரைகள் இழுத்த வண்டி அது. கொலாபாவிலிருந்து கிராஃபோர்டு மார்க்கெட் வழியாகப் பைதோனிக்கு ஒரு பாதை. போரிபந்தரிலிருந்து கால்பாதேவி வழியாகப் பைதோனிக்கு இன்னொன்று. தொடக்கத்தில் கட்டணம் மூன்று அணா. ஆனால் டிக்கெட் கிடையாது! காசைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். கூட்டம் பெருகவே கட்டணம் இரண்டு அணாவாகக் குறைந்தது. அதே ஆண்டில் டிக்கெட்டும் வந்துவிட்டது. காசு கொடுக்காமல் ஏறுவோர் பெருகியதே காரணம் என்பார்கள்.

அது மட்டுமே காரணமாக இராது என்பது ரயில்வேயில் காலம் தள்ளிய எனது எண்ணம். டிக்கெட் இல்லாத வண்டியில் வசூல் குறைந்தால், கொடுக்காதவர் பயணியா, வாங்கியதைக் கட்டாதவர் கண்டக்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொழிற்சாலை வேலை மேஸ்திரியின் கண்ணெதிரே நடக்கிறது. டிராம் கம்பெனியிலோ ஒவ்வொரு வண்டியும் ஒரு தனி ராஜ்யம். டிப்போவை விட்டுப் புறப்பட்டால் திரும்பும்வரை அதில் நடப்பது ஆபீசுக்குத் தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு உலகெங்கும் டிராம் கம்பெனிகள் கண்ட வழி, வரிசை எண் அச்சிட்ட டிக்கெட். கண்டக்டர் கட்டுகளைப் பெறும்போதே தொடக்க எண் பதிவாகிவிடும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் அப்போதைய எண்ணை வே-பில்லில் எழுத வேண்டும். (தமிழ்நாட்டு பஸ்ஸில் கண்டக்டர் 'இன்வாய்ஸ்' போட்டுவந்தாரே, அதேதான்.) முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் விற்ற டிக்கெட், அதைக் கட்டணத்தால் பெருக்கினால் கட்ட வேண்டிய பணம். நடுவழியில் இன்ஸ்பெக்டர் ஏறினால், பயணியின் கையிலுள்ள எண்ணையும் வே-பில்லையும் ஒத்துப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1870களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டிக்கெட்டைத் துளையிடும்போது மணி அடிக்கும் பஞ்ச் வந்தது. துளையிட்ட காகிதத் துணுக்குகள் அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். பிறகு ஆபீசில் திறந்து எண்ணிப் பார்க்கலாம். மணி அடிக்காவிட்டால் பயணிக்கே சந்தேகம் வந்துவிடும். சம்பளமில்லாத இன்ஸ்பெக்டர் என்று அவரைச் சொல்லலாம்!

கண்டக்டரைச் சந்தேகிக்க வந்த ஏற்பாடுதான் இது. ஆனாலும் யோக்கியமான கண்டக்டருக்கு இதுவே காவல். எண்ணும் பணமும் ஒத்துப்போனால் யாரும் அவர்மேல் வாய்க்கு வந்தபடி பழி போட முடியாது. பணம் கூடுதலாக இருந்தாலும் கேள்வி உண்டு. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் சொந்தக் கைப்பணத்தை வேலை தொடங்குமுன் எழுதிவைப்பது இதனால்தான்.

அதே வே-பில் இன்னொரு வேலையும் செய்தது. எந்த நேரத்தில், எந்த ஸ்டேஜில், எத்தனை பேர் ஏறினார்கள் என்பது அதில் இருக்கிறது. வண்டி போய்த் திரும்ப 60 நிமிடம், இடைவெளி 5 நிமிடம் என்றால் 12 வண்டிகள் வேண்டும். இடைவெளியை 4 நிமிடமாக்கினால் 15. ஒரு நிமிடம் குறைக்க மூன்று வண்டி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் மூன்று டிரைவர், மூன்று கண்டக்டர் கூடுதல். குதிரைக் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. ஒரு குதிரை நாளுக்கு நாலைந்து மணி நேரமே இழுக்கும். நாள் முழுதும் ஒரு வண்டி ஓட மாற்றுக் குதிரைகள் பல வேண்டும். வண்டி காலியாக ஓடினாலும் குதிரை தீனி தின்னும். கல்கத்தாவில் 1873 பிப்ரவரியில் தொடங்கிய குதிரை டிராம், போதிய பயணிகள் இல்லாமல் அந்த நவம்பரிலேயே நின்றது.

வே-பில்லுக்கும் ஒரு குறை உண்டு. அது ஏறியவரைத்தான் எண்ணும். நிறைந்த வண்டியைப் பார்த்து நிறுத்தத்திலேயே நின்றவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவரை எண்ண வேண்டுமானால் தெருவில் ஆளை நிறுத்தித்தான் ஆக வேண்டும். காலை, மாலை நெரிசலில் ஏற முடியாமல் நின்றவர்களே உண்மையான தேவையைக் காட்டுகிறவர்கள். மும்பையில் 1907 மே 7 அன்று மின்சார டிராம் வந்தும் அந்த நெரிசல் தீரவில்லை. 1920 செப்டம்பரில் மாடி டிராம்களை இறக்கினார்கள்.

கடைசி டிராம் 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குப் போனது. அதன்பிறகும் பெஸ்ட் பஸ் கண்டக்டர்கள், மின்னணுக் கருவி வரும்வரை, தகரப் பெட்டியில் வண்ண வண்ண டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டு, பஞ்சை 'டிக் டிக்' என்று தட்டியபடிதான் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள்.