தொரப்பாடித் தூக்குக் கயிறும் கழுத்தில் தொங்கிய குப்பியும்

ஆரணியில் பஸ் ஏறி வேலூருக்குப் போகிறவர்களுக்குக் கண்ணமங்கலம், பாகாயம் கடந்தால் தொரப்பாடி வரும். வேலூர் மத்திய சிறை அங்கேதான் இருக்கிறது. சேவூர், எஸ்.வி.நகரம், முள்ளிப்பட்டு என்று பட்டுத்தறி ஓடும் ஊர்களுக்கெல்லாம் பக்கத்துச் சிறை அதுதான். 2011 செப்டம்பர் 9-ஆம் தேதி காலை அந்தச் சிறையில் மூன்று பேரைத் தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், முருகன், சாந்தன்.

நாள் நெருங்க நெருங்கத் தமிழ்நாடு கொதித்தது. இன்னொரு பட்டு ஊரான காஞ்சிபுரத்தில் ஆகஸ்ட் 28 அன்று செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே நாளில் தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது.

கொடூரமான கொலைச் செய்தி ஒன்று வந்துவிட்டால், “நாலு பேரைத் தூக்குல போட்டாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும்” என்று டீக்கடையில் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். எல்லையில் குண்டு வெடித்தால், “ராணுவத்தை அனுப்பி ஒழிச்சுக்கட்டணும்” என்பார்கள். இதை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பறிபோன உயிருக்காக மனம் பதறுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் யாருக்குப் பயம் வரும்? அந்தப் பயம் எந்தக் கொலையைத் தடுத்தது? இந்தக் கேள்விக்கு ராஜீவ் கொலை வழக்கைவிட நெருக்கமான பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் தணு என்ற பெண் இடுப்பில் வெடிகுண்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, மாலையோடு ராஜீவை நெருங்கினார். குனிந்து பொத்தானை அழுத்திய நொடியில் தணுவும் சிதறிப் போனார். ராஜீவோடு, காவல் பணியில் இருந்தவர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சதியை நடத்திய சிவராசனும் கூட்டாளிகளும் ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டே வீட்டில் சுற்றிவளைக்கப்பட்டபோது, உயிரோடு ஒருவரும் சிக்கவில்லை. அவர்கள் சார்ந்திருந்த விடுதலைப் புலிகளின் கழுத்தில் சயனைடு குப்பி தொங்கியது. சாவைக் கழுத்திலேயே கட்டிக்கொண்டு வருகிறவரை எந்தத் தூக்குக் கயிறு மிரட்டும்?

மிரட்டப்பட்டவர்கள் வேறு ஆட்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒருவரான நளினியின் தண்டனை 2000-இல் ஆயுளாகக் குறைந்தது. கைதானபோது பத்தொன்பது வயதாக இருந்த ஜோலார்பேட்டைப் பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் ஓர் உண்மையை வெளியே சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன வரியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. தொரப்பாடியில் அந்த செப்டம்பர் காலை கயிறு இறங்கியிருந்தால், இந்த ஒப்புதலால் யாருக்கு என்ன பயன்? கருணை மனு பதினோரு ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததைச் சுட்டிக்காட்டி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார்.

இந்தக் கொலை முளைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். 1987-இல் ராஜீவ் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப் படை, சில மாதங்களில் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. அந்த அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள், புலிகள் ஒழியவில்லை. படையை அனுப்பியதன் மீதான வன்மமே ராஜீவ் கொலையின் காரணம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கண்டது. அடக்கப் போன பலம் பழிவாங்கும் வெறியைத்தான் கொண்டுவந்து சேர்த்தது.

ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளை இழந்த குடும்பங்களின் வலியை இந்த வாதம் எதுவும் குறைக்காது. அங்கே படுகாயமடைந்து பிழைத்தவர்களில் சிலர், விடுதலையைக் கடைசிவரை எதிர்த்தார்கள். அவர்கள் கேட்ட நீதி நியாயமானது. அதைக் கேட்பது வேறு, தூக்கு அடுத்த கொலையைத் தடுக்கும் என்று நம்புவது வேறு.

“2009-இல் இலங்கை ராணுவம்தானே புலிகளை முடித்தது?” என்று கேட்கலாம். முடித்தது, உண்மை. இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அவ்வளவு உயிர்களை விலையாகக் கொடுத்த நாட்டில், பத்தே ஆண்டில், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று வேறொரு கூட்டம் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் தற்கொலைத் தாக்குதல் நடத்தி 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத இலங்கை, அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தூக்கிலிடும் வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்திருந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கொழும்பில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த அலட்சியத்துக்காக முன்னாள் அதிபர் சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

வீரப்பன் கதையும் இதையே சொல்கிறது. இரண்டு மாநில அதிரடிப்படைகள் ஆண்டுக்கணக்கில் காட்டைச் சல்லடை போட்டன. அடியும் சித்திரவதையும் மலைக்கிராம மக்களுக்குத்தான் கிடைத்தன; சதாசிவா விசாரணைக் குழு வரை போய்ப் பலர் இழப்பீடு பெற்றார்கள். 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுடப்பட்டது, கூட்டத்துக்குள் மெல்ல ஊடுருவி, கண் சிகிச்சைக்கு என்று ஆம்புலன்ஸில் ஏற்றி வெளியே வரவழைத்த பிறகு. பொறுமையான உளவு வேலைதான் அவரைப் பாப்பாரப்பட்டிச் சாலைக்குக் கொண்டுவந்தது.

அரசியல் கும்பல் செய்த கொலை ஒன்றும் உண்டு. 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியில், ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிப் போனார்கள். பட்டப்பகலில், ஊரே பார்க்க நடந்தது. ஆட்டோ சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டு ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. தீ வைத்தவர்கள் மனத்தில் அந்தக் கயிறு வரவே இல்லை. கட்சி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் இருந்தது. அந்தக் கணக்கும் கிட்டத்தட்டப் பலித்தது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. மூவருக்கு மரண தண்டனை கிடைத்தது 2007-இல்தான். அதுவும் 2016-இல் ஆயுளாகி, 2018-இல் மூவரும் வெளியே வந்தார்கள். உடனே பிடிபட்டு, ஓராண்டுக்குள் ஆயுள் தண்டனை உறுதியாகக் கிடைக்கும் என்று அந்தக் கும்பலுக்குத் தெரிந்திருந்தால், தீக்குச்சியை எடுத்த கை ஒரு கணமாவது தயங்கியிருக்கும்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை ஒழித்தது. இந்தியாவோடு இணைந்தபின் அது திரும்ப வந்தது. தூக்கு இல்லாத 1945–50 காலத்தில் அங்கே 962 கொலைகள். தூக்கு திரும்பிய 1950–55-இல் 967. நாடு முழுக்கப் பார்த்தால், 1992-இல் லட்சம் பேருக்கு 4.6 என்றிருந்த கொலை விகிதம் 2013-இல் 2.7 ஆகக் குறைந்தது. தூக்குகள் மிக அரிதாகிப்போன காலம் அது. 2004 ஆகஸ்டுக்கும் 2012 நவம்பருக்கும் இடையில் இந்தியாவில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. எல்லையின் கதையும் வேறில்லை. பயங்கரவாத வழக்குகளில் கசாப்பும் அப்சல் குருவும் தூக்கிலிடப்பட்ட பிறகுதான் பதான்கோட், உரி, புல்வாமா தாக்குதல்கள் நடந்தன. 2016-இன் துல்லியத் தாக்குதலுக்கும் 2019-இன் பாலாகோட்டுக்கும் பிறகுதான் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள்.

விசாரணை நீதிமன்றங்கள் விதிக்கும் மரண தண்டனைகளில் மேல்முறையீட்டில் நிலைப்பவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு காட்டுகிறது. தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். கொலை வழக்குகளிலோ, தீர்ப்பு வருபவற்றில் பாதிகூடத் தண்டனையில் முடிவதில்லை. கொலைகாரன் போடும் கணக்கு இந்த இடத்தில்தான். தடய அறிவியல் கூடத்துக்கும், சாட்சிகளின் பாதுகாப்புக்கும், புலனாய்வுப் போலீஸின் எண்ணிக்கைக்கும் போக வேண்டிய பணமும் கவனமும் கயிற்றைப் பற்றிய ஆவேசத்தில் கரைகின்றன.

2015 ஆகஸ்டில் நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆனால் பயங்கரவாதக் குற்றங்களுக்கும் நாட்டுக்கு எதிரான போருக்கும் விதிவிலக்கு வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பயங்கரவாதம், கும்பல் கொலை ஆகியவற்றுக்கும் மரண தண்டனையை எழுதி வைத்திருக்கிறது. அச்சுறுத்தல் எங்கே சிறிதும் வேலை செய்யாது என்று ஸ்ரீபெரும்புதூரும் கோணனகுண்டேயும் காட்டினவோ, அங்கேயே கயிற்றை இறுக்கியிருக்கிறார்கள். நாடாளுமன்றம் முதலில் நீக்க வேண்டியது அந்த விதிவிலக்கைத்தான்.