புழுதிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு லென்ஸ்

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போகும் இளைஞருக்கு மூக்குக் கண்ணாடி பெரும் தொல்லை. கம்ப்ரெஸர் ஊதும்போது பாறைத்தூள் வந்து அப்பிக்கொள்ளும். வேர்வையில் மூக்கிலிருந்து வழுக்கும். சட்டை நுனியில் துடைத்துத் துடைத்தே கீறல் விழுந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை தீராதா என்று அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லென்ஸ் பக்கமே போகக்கூடாதவர்கள் யார் யார் என்று எழுதினால் முதல் வரியில் அவர்தான் வருவார். போர் போடும் இடத்தில் தூசிக்குக் குறைவில்லை, கை கழுவ நல்ல தண்ணீருக்கு உத்தரவாதமும் இல்லை. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் முகாம் என்பதால், கண் சிவந்தால் உடனே ஓடிப்போய்க் காட்ட மருத்துவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்.

அதே திருச்செங்கோட்டில் கல்லூரிக்குப் போய்வரும் அவருடைய தங்கைக்கு லென்ஸ் தாராளமாக ஒத்துவரும். இருவருக்கும் ஒரே பவர் இருக்கலாம், ஒரே கடையில் கேட்டிருக்கலாம். பதில் மட்டும் வேறு. எந்த லென்ஸ் நல்லது என்று கேட்பவரிடம், அதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அவர் பகல் பொழுது எங்கே கழிகிறது என்பதைத்தான். விசைத்தறிக் கூடத்தின் பஞ்சுத் தூசியிலா, கோழிப்பண்ணையின் அமோனியா நெடியிலா, சேகோ ஆலையின் மாவுப் புகையிலா, வங்கியின் ஏ.சி. காற்றிலா? முதல் மூன்று இடங்களில் வேலை நேரத்துக்குக் கண்ணாடியே மேல். ஏ.சி. அறையில் கண் உலரும், லென்ஸ் உறுத்தும். ஆனால் அது சமாளிக்கக்கூடிய சங்கடம்.

இதற்கெல்லாம் காரணம் கருவிழியின் அமைப்பு. கண்ணின் முன்பக்கம் ஜன்னல் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் அந்தப் படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்திருந்தால் அது தெளிவாக இருக்காது. எனவே வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகவே அது எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் எதை ஒட்டவைத்தாலும் மூச்சு சற்று அடைபடும், கண்ணீர் ஓட்டம் குறையும், நம் விரலில் இருக்கும் அழுக்கும் கூடவே போகும். கான்டாக்ட் லென்ஸின் வரலாறு முழுக்க இந்த அடைப்பைக் குறைக்கும் முயற்சிதான்.

ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஃபிக் 1880களின் இறுதியில் சூரிச்சில் கண்ணாடியிலேயே லென்ஸ் செய்தார். முதலில் முயல்களுக்கும், பிறகு தன் கண்ணுக்கும் போட்டுப் பார்த்தார். கனமான பொருள் என்பதால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. 1948இல் அமெரிக்காவின் கெவின் டூயி கருவிழியளவுக்கு மட்டும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் கொண்டுவந்தார். அது கெட்டியானது, ஆக்சிஜனை விடாது. மென்மையான லென்ஸ் பிறந்த கதைதான் சுவையானது. செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர் ஓட்டோ விக்தெர்லே 1958இல் அரசியல் காரணங்களுக்காகக் கல்லூரிப் பதவியை இழந்தவர். தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும் ஒரு ஜெல்லை லென்ஸ் வடிவத்தில் வார்க்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில், வீட்டில் மகனின் மெர்க்கூர் விளையாட்டு உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் சேர்த்து ஒரு சுழலும் இயந்திரம் கட்டினார். சுழலும் அச்சில் ஊற்றிய திரவம் லென்ஸாக உறைந்தது. பட்டறையில் கிடக்கும் இரும்பை வைத்தே பாதி இயந்திரத்தைச் செய்துவிடும் நாமக்கல் ஆட்களுக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போகும். பத்தாண்டு கழித்து, 1971இல், பாஷ் அண்ட் லாம் நிறுவனம் அமெரிக்க அரசின் அனுமதியோடு அந்த ‘சாஃப்ட்’ லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990களின் இறுதியில் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் வகை அதைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை உள்ளே விடுகிறது. இன்று புதிதாகத் தொடங்குபவர் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த கேள்வி, ஒரு ஜோடி எத்தனை நாளைக்கு என்பது. தினம் ஒன்று போட்டு எறிவது, இரண்டு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் எனப் பல உண்டு. ‘இயர்லி’ எனப்படும் வருட லென்ஸ் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் நாள் ஆக ஆகக் கண்ணீரின் புரதமும் கொழுப்பும் லென்ஸில் படிந்துகொண்டே போகும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. நம் ஊர்ப் புழுதிக்கும் வெயிலுக்கும் வருட லென்ஸ் வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. தினசரி லென்ஸ் என்றால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மாதம் அறுபது வேண்டும், செலவு அதிகம்தான். ஆனால் எல்லாரும் தினமும் போடுவதில்லையே. கல்யாணம், விளையாட்டு, வார இறுதி என்று மாதத்தில் நான்கு நாள் போடுபவருக்கு எட்டு லென்ஸ் போதும். சொல்யூஷன் வேண்டாம், டப்பா வேண்டாம். மாத லென்ஸோ திறந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான். அதில் நான்கு நாள் மட்டுமே போட்டாலும் மாதம் முடிந்ததும் எறிய வேண்டியதுதான். இந்தக் கணக்கைப் போடாமலே பலர் மாத லென்ஸ் வாங்குகிறார்கள்.

கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் இருந்தால் டோரிக் லென்ஸ் வேண்டும். அது கண்ணில் சுழன்றுவிடாமலிருக்க அடிப்பகுதியைச் சற்றுக் கனமாகச் செய்வதுண்டு. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மல்டிஃபோகல் இருக்கிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் பொருத்தும் ஏற்பாடும் உண்டு, ஆனால் இரவில் லாரி ஓட்டுபவருக்கு அது சரிப்படாது.

‘செமி சாஃப்ட்’ என்று நம் ஊரில் சொல்லப்படும் லென்ஸ், பெயருக்கு மாறாக, கெட்டியான வகை. ஆனால் பழைய பிளாஸ்டிக் போலன்றி ஆக்சிஜனை விடும். முதல் இரண்டு மூன்று வாரம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும், பழகிவிட்டால் பார்வை மிகத் துல்லியம். இது இல்லாமல் முடியாதவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரடோகோனஸ் உள்ளவர்கள். கண் அரிப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பது இந்நோய்க்குத் துணைபோகிறது. வெயிலும் தூசியும் மிகுந்த ஊர்களில் அந்த அரிப்பு அதிகம். ஆறு மாதத்துக்கொரு முறை சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனால், கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்காமல் கருவிழி நிபுணரிடம் காட்ட வேண்டும். லென்ஸ் பார்வையைத் தருமே தவிர நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்குக் கிராஸ்லிங்கிங் என்ற தனிச் சிகிச்சை உண்டு. செமி சாஃப்டும் நிற்காத கண்களுக்கு, கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழிமேல் அமரும் பெரிய ஸ்க்ளீரல் லென்ஸ் இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய மருத்துவமனைகள் அதைப் பொருத்துகின்றன.

கண்ணாடிச் சீட்டை நீட்டி லென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைப்பதுதான் பலர் இடறும் இடம். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸோ கண்ணிலேயே அமர்கிறது. மைனஸ் 4க்கு மேல் போனால் இந்த இடைவெளி கணக்கில் வரும். கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.50. பவரோடு கருவிழியின் வளைவும் பார்க்க வேண்டும். பெட்டியில் பி.சி. 8.6, டி.ஐ.ஏ. 14.2 என்பதுபோல் போட்டிருப்பது இந்த வளைவும் விட்டமும்தான். வளைவு இறுகினால் லென்ஸ் அசையாது, தளர்ந்தால் நழுவும். ஆகவே ஒழுங்கான இடத்தில் கண்ணீர் போதுமா என்று பார்ப்பார்கள், இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள், சோதனை லென்ஸ் ஒன்றைப் போட்டுக் கால் மணி, இருபது நிமிடம் உட்காரவைத்து, ஸ்லிட் லாம்ப் கருவியில் அது கண் சிமிட்டும்போது எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். இதைச் செய்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட், நான்காண்டுப் படிப்பு படித்தவர். அந்தக் கருவியும் ஆளும் இல்லாத கடையில் கண்ணாடி வாங்கலாம், லென்ஸ் வாங்க வேண்டாம்.

முதல் நாள் போடக் கற்பது ஒரு கலை. மிளகாய் கிள்ளிய கை, தலைக்கு எண்ணெய் தேய்த்த கை இரண்டும் ஆகாது. எண்ணெய்க் குளியல் நாளில் லென்ஸுக்கு விடுமுறை கொடுத்துவிடலாம். வாசனையில்லாத சோப்பால் கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். (ஊரெல்லாம் துண்டு நெய்கிறார்கள், ஆனால் புதுத் துண்டின் நூல் ஒன்று லென்ஸில் ஒட்டினால் போதும், கண் கலங்கிவிடும்.) லென்ஸை ஆள்காட்டி விரல் நுனியில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு நேராக மேலே நின்றால் சரியான பக்கம், வெளிப்பக்கமாக மடங்கி விரிந்தால் புரண்டிருக்கிறது. அதே கையின் நடுவிரலால் கீழிமையை இறக்கி, மறு கையால் மேலிமையை இமை முடியோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்து, நேராகப் பார்த்தபடி லென்ஸைக் கொண்டுபோய் வைத்தால் அதுவே ஒட்டிக்கொள்ளும். பிறகு மெல்லக் கீழே பார்த்து இமையை விட வேண்டும். எப்போதும் வலது கண்ணில் தொடங்கினால் இரண்டும் மாறிப்போகாது. எடுக்கும்போது மேலே பார்த்து, லென்ஸை வெள்ளைவிழிக்கு இழுத்து, இரு விரல் சதையால் கிள்ளி எடுக்கலாம். நகம் படக்கூடாது. லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். இமையின் உள்தோல் மடிந்து வெள்ளைவிழியோடு சேர்ந்திருப்பதால் அங்கே வழியே கிடையாது.

முதல் நாள் நான்கு மணி நேரம் போதும். பிறகு தினம் ஒன்றிரண்டு மணி கூட்டலாம்.

வெல்டிங் பொறி பட்டால் லென்ஸ் கருவிழியோடு உருகி ஒட்டிவிடும் என்று ஒரு கதை உலவுகிறது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகளுக்கு முன்பே பரவி, கண் மருத்துவர்கள் மறுத்த வதந்தி அது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முகக்கவசம் இல்லாமல் வெல்டிங் வைத்தால் லென்ஸ் போட்டவர் கண்ணும் வேகும், போடாதவர் கண்ணும் வேகும்.

உண்மையான பயம் தண்ணீர்மேல் இருக்க வேண்டும். ஆற்றிலும் கிணற்றிலும் வீட்டுமாடித் தொட்டியிலும் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி, கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் மசியாது. லென்ஸில் ஒட்டிக் கண்ணுக்குள் வந்தால் கடும் வலி, மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை. ஆடிப்பெருக்குக்கு மேட்டூரிலும் மோகனூரிலும் காவிரியில் தலை முழுகுபவர்களும், கொல்லிமலை ஆகாய கங்கையில் நிற்பவர்களும் லென்ஸைக் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். வீட்டு ஷவருக்கும் இதே விதிதான். கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்று அதில் லென்ஸைக் கழுவுபவர்கள் இருக்கிறார்கள். கேன் தண்ணீரும் ஆகாது, காய்ச்சி ஆறிய நீரும் ஆகாது, எச்சில் பேச்சே வேண்டாம். சொல்யூஷன் மட்டும். அதையும் நேற்றைய மிச்சத்தோடு ஊற்றிச் சேர்க்காமல் தினம் புதிதாக ஊற்றி, டப்பாவை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பாட்டிலை வைக்காதீர்கள்.

அடுத்தது உறக்கம். 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஏறக்குறைய 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் கழற்றாத வகை போட்டவர்களில் 21 பேருக்கு. ஆக்சிஜன் நிறைய விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் வந்த பிறகு இது குறையும் என்று நம்பினார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தபோது, தூக்கத்திலும் போடுபவர்களுக்கு அது குறையவில்லை என்று தெரிந்தது. இரவு பஸ்ஸில் சென்னை போய் இறங்கும்வரை லென்ஸோடு தூங்கும் மாணவர்கள் கவனிக்க.

கல்யாணப் பெண்ணுக்குக் கலர் லென்ஸ் போடுவதும் பெருகிவருகிறது. பவர் இல்லாவிட்டாலும் அளவெடுத்தே வாங்க வேண்டும், தோழியோடு பகிர்ந்து போடவே கூடாது. மேக்கப்புக்கு முன் போட்டு, மேக்கப்பைக் கலைப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஹோமப் புகை நேரத்தில் கண் எரிந்தால் தேய்க்கக் கூடாது.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, அந்த நிமிடமே லென்ஸைக் கழற்றிவிடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைப் புண் உள்ள கண்ணை அது கெடுத்தேவிடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் விடாதீர்கள். கிருமி எது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பங்கேற்று 2013இல் வெளியான ஆய்வு, இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு, குறிப்பாக ஃபுசேரியம் வகைக்கு, விலை கூடிய வோரிகொனசோல் மருந்தைவிட நட்டமைசின் மருந்தே மேல் என்று காட்டியது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அன்றைக்கே போய்க் காட்டுங்கள். போகும்போது கழற்றிய லென்ஸைக் குப்பையில் போட்டுவிடாமல், டப்பாவையும் சொல்யூஷன் பாட்டிலையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். ஆய்வகத்தில் கிருமியைக் கண்டுபிடிக்க அவை உதவும்.