நான்கு கவளத்தோடு எழுந்துவிடும் பெரியவர்கள்



உங்கள் இல்லத்தில் வயது முதிர்ந்த வாப்பாவோ உம்மாவோ இருக்கிறார்களா? அவர்களுக்கு நெடுங்காலமாக இருமலும் இளைப்பும் உண்டா? அண்மைக் காலமாக நான்கு கவளம் உண்டதும் "போதும்" என்று எழுந்துவிடுகிறார்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையைச் சற்றுப் பொறுமையோடு படியுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். கல்லூரியில் கற்றதும் கலைப் பாடமே. எனினும், என் தாயாரின் நோய் எங்கள் குடும்பத்துக்குக் கற்றுத் தந்தது வேறு பல இல்லங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் உம்மா 35 ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். மழைக்காலத்தில் ஈர விறகு எளிதில் பற்றாது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதியே எங்கள் ஏழு பேருக்கும் சோறாக்கினார். பீடி, சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை. எனினும் அறுபது வயதைக் கடந்ததும் இருமல் நிலைத்துவிட்டது; பிறகு மாடிப்படி ஏற இயலாத இளைப்பும் வந்து சேர்ந்தது. வயதான காலத்து ஆஸ்துமா என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, இழுப்பு வரும்போது மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்தோம்.

அடுத்த தொல்லை வயிற்றில் தொடங்கிற்று. சுப்ரா விரித்து அனைவரும் அமர்ந்து உண்ணும்போது நான்கைந்து கவளத்தோடு கையை எடுத்துவிடுவார். வயிறு உப்பும், ஏப்பம் வரும். இரவில் நெஞ்செரிச்சலோடு எழுந்து உட்கார்ந்து இருமுவார். வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்தோம். பயனில்லை. இதற்கிடையே வீட்டில் வேறொரு மனவருத்தமும் முளைத்தது. என் மனைவியின் கைப்பக்குவம் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று என் ராத்தா கருதினார். தான் ஆக்கிய சோற்றை மாமி ஒதுக்குகிறாரே என்று என் மனைவி கண் கலங்கினார். உம்மாவோ ஒன்றும் சொல்லவில்லை. ஓராண்டுக்குள் அவர் எடை 49 கிலோவிலிருந்து 41 கிலோவாகக் குறைந்துவிட்டது.

கடைசியில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அந்த டாக்டரம்மா, எங்களில் எவரும் அதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அம்மா, நீங்கள் பசி இல்லாமல் சாப்பாட்டை நிறுத்துகிறீர்களா? மூச்சு முட்டுவதால் நிறுத்துகிறீர்களா?"

உம்மா சொன்ன பதில் இதுதான்: "பசிக்கத்தான் செய்யுதும்மா. ஆனா சோறு உள்ளே போனா மூச்சுக்கு இடமில்லாமப் போவுது."

ஓராண்டாக எங்கள் தாய் எங்கள் நடுவிலேயே பசியோடு இருந்திருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

ஒரு தடுப்பின் இரு புறங்கள்

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்னும் தசைத் தடுப்பு இருக்கிறது. அதற்கு மேலே நுரையீரல், கீழே இரைப்பை. நாம் மூச்சை இழுக்கும்போது இத்தசை கீழே இறங்கி நுரையீரல் விரிவதற்கு இடமளிக்கிறது.

உம்மாவுக்கு வந்திருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். இந்நோயில் மூச்சுக்குழல்கள் குறுகிப் போகின்றன. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேற முடியாமல் தேங்கிவிடுகிறது. அதனால் உப்பிய நுரையீரல் உதரவிதானத்தைக் கீழே அழுத்தித் தட்டையாக்குகிறது. இந்நிலையில் இரைப்பையும் நிரம்பினால் அது கீழிருந்து மேலே நெருக்குகிறது. தசை இறங்க வழியின்றி மூச்சு முட்டுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உணவை விழுங்கும் கணத்தில் மூச்சு நின்றே ஆக வேண்டும். நலமாக இருப்பவர் இதை உணர்வதில்லை. மூச்சுக்குத் தவிப்பவரோ ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மூச்சை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவசரமாக மூச்சு வாங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். உப்புசமும் ஏப்பமும் பெரும்பாலும் இதனால் வருபவையே.

நோய் எப்படி வருகிறது?

புகைபிடித்தலே முதற்காரணம். ஆயினும் விறகு, வறட்டி, மட்டை ஆகியவற்றின் புகையைக் காற்றோட்டமில்லாத அடுப்படியில் ஆண்டுக்கணக்கில் சுவாசித்த பெண்களுக்கும், தூசு நிறைந்த தொழில்களில் உழைத்தவர்களுக்கும் இது வரும். 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்ததாகவும், உயிரிழப்புக்கான காரணங்களில் இது நான்காவது இடத்தில் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இது ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா என்பதை நாமாக முடிவு செய்யலாகாது. ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும், வலிந்து ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறுவது 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் நிலையான அடைப்பு உண்டென்று பொருள். மேலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய் உண்டா என்றும் சளிப் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை இலவசம்.

மெலிவை அலட்சியம் செய்யாதீர்

இந்நோயாளிக்கு மூச்சு விடுவதே பெரும் உழைப்பு. சுவாசத் தசைகள் நலமுள்ளவரை விடப் பல மடங்கு ஆற்றலைச் செலவிடுகின்றன. செலவு கூடும்போது உணவு குறைந்தால் உடல் தன் தசைகளையே கரைத்துக்கொள்கிறது. சுவாசத் தசைகளும் அதற்கு விலக்கல்ல. உண்ணாததால் மெலிவு, மெலிவதால் மூச்சு மேலும் தளர்வு, மூச்சு தளர்வதால் மேலும் உண்ண இயலாமை. நோயாளி இந்தச் சுழலில் சிக்கிக்கொள்கிறார்.

2004-இல் மருத்துவ அறிஞர்கள் வகுத்த 'போட்' என்னும் மதிப்பீட்டு முறை, இந்நோயாளிகளின் ஆயுளைக் கணிக்க நான்கினைப் பார்க்கிறது: உடல் எடை, மூச்சடைப்பின் அளவு, இளைப்பு, 6 நிமிடத்தில் நடக்கக்கூடிய தொலைவு. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 21-ஐத் தாண்டவில்லையென்றால் இம்முறையில் ஆபத்தின் அளவு கூடுகிறது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 47 கிலோ. எங்கள் உம்மா 41 கிலோவில் இருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

எதுக்களிப்பும் இரவு இருமலும்

இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குத் திரும்பி ஏறாமல் காக்க, இரண்டும் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உதரவிதானமும் அதற்குத் துணை நிற்கிறது. உதரவிதானம் தட்டையாகி, இருமல் வயிற்றை இடைவிடாது அழுத்தும்போது அந்தக் காவல் தளர்கிறது. மேலேறும் அமிலம் சிறு துளியாக மூச்சுக்குழாயிலும் இறங்கி இருமலையும் இழுப்பையும் தூண்டலாம். 2010-இல் வெளியான 'எக்ளிப்ஸ்' என்னும் ஆய்வில் 2,138 சி.ஓ.பி.டி. நோயாளிகளைக் கண்காணித்தார்கள். எதுக்களிப்பு அல்லது நெஞ்செரிச்சல் இருந்தவர்களுக்கு நோய் திடீரென முற்றும் நிகழ்வுகள் அதிகமாக இருந்ததைக் கண்டார்கள்.

மருந்துகளும் வயிறும்

சில மருந்துகளாலும் வயிறு பாதிக்கப்படலாம். தியோஃபிலின் வகை மாத்திரைகள் குமட்டலை உண்டாக்கலாம். மேலே சொன்ன தசை வளையத்தையும் தளர்த்தலாம். ஸ்டீராய்டு மாத்திரைகளை உணவுக்குப் பின் உண்ண வேண்டும். அவற்றோடு மூட்டுவலி மாத்திரைகளையும் நாமாகச் சேர்த்துக்கொண்டால் இரைப்பையில் புண் வரும் வாய்ப்பு அதிகம். டியோட்ரோப்பியம் போன்ற சில இன்ஹேலர்கள் வாயை உலர்த்தி, மலச்சிக்கலையும் தரலாம். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்; இல்லாவிடில் வாயில் வெண்படலம் படர்ந்து உணவின் சுவையே கெட்டுவிடும்.

இவற்றைச் சொல்வது மருந்தை நிறுத்துவதற்காக அன்று. மருத்துவரிடம் வயிற்றுத் தொல்லையையும் மறைக்காமல் சொன்னால், அவரே மருந்தை மாற்றுவார் அல்லது அளவைத் திருத்துவார். குறிப்பாக, நீண்ட நாள் உண்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

உண்ணும் முறையை மாற்றினோம்

டாக்டரம்மா இன்ஹேலரை முறையாக இழுக்கக் கற்றுக் கொடுத்தார். அமிலத்துக்கு மாத்திரை எழுதினார். அத்துடன், எங்கள் வீட்டு உணவு முறையையே திருத்திக் கொடுத்தார். அவர் கூறியவற்றின் சாரம் இது:

1. மூன்று பெரிய வேளைகளை ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள்.

2. உண்பதற்கு முன் அரை மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். குளித்த களைப்போடு உண்ண அமர வேண்டாம். தொண்டையில் சளி இருந்தால் முன்னதாகவே துப்பிவிடட்டும்.

3. தரையில் குனிந்து அமர்ந்தால் வயிறு நெருக்கப்படும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மேசையில் தட்டை வைத்து உண்ணட்டும். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் உண்ணும்போது குழாயை எடுக்க வேண்டாம். அப்போது அடுப்பும் நெருப்பும் அருகில் இருக்கவே கூடாது.

4. சிறு கவளமாக, மென்று, நடுநடுவே நிறுத்தி மூச்சு விட்டு உண்ணட்டும். வாயில் உணவை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.

5. முதலில் சத்தான உணவு. தண்ணீரை உண்டு முடித்த பின் பருகலாம். சோடா, கோலா வகைகள் காற்றை நிரப்புபவை, தவிர்த்துவிடுங்கள். எந்த உணவு தமக்கு உப்புசம் தருகிறது என்பதை நோயாளியே கவனித்துக் குறைத்துக்கொள்ளட்டும்.

6. உண்ட பின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்க வேண்டாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள்.

7. மலச்சிக்கலுக்கு இடம் தராதீர்கள். முக்கும்போது மூச்சு மேலும் முட்டும். பழம், கீரை, போதிய தண்ணீர், இயன்ற அளவு நடை ஆகியவை உதவும்.

உம்மாவுக்கு இப்போது சுபுஹுக்குப் பின் பாலும் இரண்டு பேரீச்சம்பழமும். எட்டரை மணிக்கு இரண்டு இடியாப்பமும் ஒரு முட்டையும். பதினொரு மணிக்குப் பருப்புக் கஞ்சி. பகலில் குழைந்த சோறும் முள் நீக்கிய மீன் ஆணமும். அஸருக்குப் பின் கேழ்வரகுக் கூழ் அல்லது வாழைப்பழம். ஏழு மணிக்குள் இட்லி. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதை அப்படியே பின்பற்றாமல் மருத்துவரைக் கேட்டு வகுத்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றில் மூச்சுக்கும் இடம் விட வேண்டும் என்னும் நபிகளாரின் அறிவுரையை நான் மாணவர்களுக்குப் பலமுறை போதித்திருக்கிறேன். அதன் பொருள் என் வீட்டிலேயே இவ்வளவு நேரடியாக விளங்கும் என்று எண்ணியதில்லை.

நோன்பும் தொழுகையும்

ரமளான் வந்ததும் உம்மா நோன்பு வைக்கத் துடித்தார். நாள் முழுதும் வெறும் வயிறு. நோன்பு திறந்ததும் கஞ்சி, வடை, சம்சா என்று ஒரே நேரத்தில் நிரப்புதல். ஸஹர் உண்டு சற்று நேரத்தில் படுத்துவிடுதல்: இம்மூன்றும் இந்நோயாளிக்கு ஆகாதவை. நோயாளிக்கு நோன்பை விட மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. குணமடையும் வாய்ப்புள்ளவர் பின்னர் களாச் செய்யலாம். அவ்வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். நோன்புக்காக மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

குனியும்போது மூச்சு முட்டுவதும் அமிலம் மேலேறுவதும் இந்நோயாளிகளுக்கு இயல்பு. ஆகவே உண்டவுடன் தொழாமல் சற்று இடைவெளி விடலாம். ஸஜ்தாச் செய்ய இயலாதவர் அமர்ந்து சைகையால் தொழலாம். இதனைப் பெரியவர்களுக்கு நாம்தான் பரிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உதடு நீலம் பாரித்தல், பேச இயலாத இளைப்பு, வழக்கத்துக்கு மாறான தூக்க மயக்கம், மனக் குழப்பம் ஆகியன மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அடையாளங்கள். நெஞ்சை அழுத்தும் வலியை "வாயுப் பிடிப்பு" என்று ஒதுக்காதீர்கள். அது இதய நோயாகவும் இருக்கலாம்.

சிதைந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தில்லை. உம்மாவும் குணமாகிவிடவில்லை, மாடிப்படி ஏறுவது இன்றும் இயலாது. ஆனால் ஐந்து மாதத்தில் நான்கு கிலோ கூடியிருக்கிறார். இரவில் எழுந்து இருமுவது குறைந்திருக்கிறது. பதினொரு மணிக் கஞ்சியை என் மனைவி கொண்டுவரச் சற்றுத் தாமதமானால், "மருமகளே, கஞ்சி எங்கே?" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவியின் முகம் மலர்கிறது.

வாசகர்களே! இன்று பகல் உணவுக்கு அமரும்போது உங்கள் வீட்டுப் பெரியவரின் தட்டைப் பாருங்கள். மீதம் இருந்தால் கோபிக்காதீர்கள். சமையலைக் குறை சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து, "பசி இல்லையா, மூச்சு முட்டுகிறதா?" என்று கேளுங்கள். நம் பெரியவர்களுக்கு நலமும், அவர்களைப் பேணும் நற்பேற்றை நமக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.